பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில்

வீட்டில் நெட் போகாமல் இன்றோடு 47 நாள். ஆவணியில் தொடங்கித் தை பிறக்கிற வரைக்கும் நாளைக்கு மூன்று தடவை, ஐந்து தடவை என்று போய்ப் போய் வந்துகொண்டிருந்த லைன், பொங்கல் கழிந்து வந்த புதன்கிழமை சாயங்காலத்திலிருந்து ஒரு தடவைகூடப் போகவில்லை. வீட்டில் மற்றவர்கள் அதை மறந்தே விட்டார்கள். அம்மாவுக்குத் தொடர் பாதியில் நிற்பதில்லை, மகளுக்கு வகுப்பு அறுவதில்லை, மனைவி கைபேசியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுவதில்லை. சரியாகிவிட்ட ஒன்றைப் பற்றி யார் பேசிக்கொண்டிருப்பார்கள்? நான் ஒருவன்தான் இன்னும் அதைச் சுற்றியே நடந்துகொண்டிருக்கிறேன். அந்தப் புதன்கிழமை லைன் பார்க்க வந்த தம்பி மூன்று வேலை செய்தார். தெருவில் மின்கம்பத்தில் தொங்குகிற பெட்டியிலிருந்து வீட்டுக்கு வரும் கருப்பு வயரின் நுனியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஜாயிண்ட் போட்டார். உள்ளே மோடத்துக்குப் போகிற மஞ்சள் வயரை மாற்றினார். அடாப்டரைத் தொட்டுப் பார்த்து, சூடு கூடுதலாக இருக்கிறது என்று அதையும் மாற்றினார். முக்கால் மணி நேரத்தில் மூன்றும் முடிந்தது. "மூணுல எதுல தம்பி கோளாறு?" என்று கேட்டேன். கருவிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டே, பரீட்சை முடிந்த பிறகும் கேள்வித்தாளைப் புரட்டிக்கொண்டிருக்கிறவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "எதுல இருந்தா என்ன அண்ணாச்சி, லைன் நிக்குல்லா?"

நிற்கிறதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐந்து மாதம் ஒரே வீட்டில் கூடவே குடியிருந்த ஒன்று, பெயர்கூடச் சொல்லாமல் காலி செய்துகொண்டு போய்விட்டதுபோல இருக்கிறது. அது வரும் விதம் எனக்கு அத்துப்படி. மோடத்தில் வரிசையாக நான்கு விளக்குகள். மூன்று பச்சை அசையாமல் எரியும், நான்காவது இருட்டாகக் கிடக்கும். முதலில் இரண்டாவது பச்சை ஒரு முறை கண் சிமிட்டும். பிறகு பதறுகிற மாதிரி வேகமாகத் துடிக்கும். அடுத்த நொடியில் அதுவரை இருட்டாகக் கிடந்த நான்காவது, சிவப்பாக அடிக்க ஆரம்பிக்கும். வீட்டில் ஒவ்வொருவரிடமும் அது ஒவ்வொரு நேரத்தில் போய்ச் சேரும் என்பதுதான் வேடிக்கை. அம்மாவின் தொடரில் கையில் கொஞ்சம் கதை சேமித்து வைத்திருப்பார்கள் போலிருக்கிறது, இருபது முப்பது நொடி கழித்துத்தான் மருமகள் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பாள். மகளின் அறையில் உடனே "சார், கேக்குதா சார்? சார்?" என்று குரல் உயரும். அடுப்படியில் பாட்டு ஒரு சொல்லின் நடுவில் நிற்கும், நின்றதும் குக்கர் ஆவி சீறுவது அதுவரை இல்லாத சத்தமாகக் கேட்கும். எல்லாம் அடங்கின பிறகு அம்மாவின் அறிவிப்பு வரும்: "எய்யா, நெட்டு போயிட்டு." நான் அதற்குள் மோடத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பேன். செய்ய ஒன்றும் இருக்காது. இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ கழித்து அதுவாகவே சிவப்பு அணைந்து, பச்சை கொஞ்சம் தடுமாறி, நிலைத்து நிற்கும். என்னமோ நான் வந்து நின்றதால்தான் வந்தது என்று வீட்டில் ஒரு பேச்சு கிளம்பி, நானும் அதைப் பெரிதாக மறுக்காமல் இருந்தேன்.

ஒரேயடியாகப் போய்விட்டால் அது வேறு கதை. மரம் விழுந்து வயர் அறுந்தால் அறுந்த வயரைக் காட்டலாம், பார்த்தவன் எல்லாம் சாட்சி. வந்து வந்து போகிற கோளாறுக்குச் சாட்சி கிடையாது. புகார் கொடுத்தால் மறுநாளோ அதற்கு மறுநாளோ ஒருவர் வருவார். அவர் செருப்பைக் கழற்றுகிற நேரத்தில் நான்கு விளக்கும் ஒழுங்காக, மணமேடையில் உட்கார்ந்திருக்கிற பெண்போல அடக்கமாக இருக்கும். அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார், காபி குடிப்பார், கைபேசியில் வேகத்தை அளந்து காட்டுவார். "இப்ப நல்லாத்தான் அண்ணாச்சி இருக்கு." பழைய பஜாஜ் ஸ்கூட்டர் வைத்திருந்த காலத்தில் ஜங்ஷன் பாலம் ஏறும்போதெல்லாம் அடியில் கடகடவென்று ஒரு சத்தம் வரும், மெக்கானிக் கடை வாசலில் போய் நின்றால் வராது. அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு "வண்டி ஜம்முனு இருக்கே" என்பார். அந்த இடத்தில் நாம் கொஞ்சம் பொய்யராகிவிடுகிறோம். இந்தக் காலத்தில் அதற்கு ஒரு முத்திரையும் வைத்திருக்கிறார்கள். வந்தவர் கிளம்பும்போது "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க, டிக்கெட்ட குளோஸ் பண்ணணும்" என்பார். கைபேசியில் வந்த எண்ணை நான் ஒவ்வொன்றாக வாசிப்பேன். சரியாகிவிட்டது என்று என் வாயாலேயே எழுதிக் கொடுப்பதுதான் அது. நான்கு தடவை அப்படிக் கொடுத்திருக்கிறேன். அவர் வாசல் கதவைத் தாண்டுவதற்குள் ஒருமுறை சிவப்பு அடித்தது. கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று யோசித்தால், கூப்பிட்டு அவர் திரும்பி வருவதற்குள் பச்சையாகிவிட்டால் என்ன செய்வது என்ற கூச்சம்தான்.

ஆகவே எழுதி வைக்க ஆரம்பித்தேன். நான் பிழைப்புக்கு மெய்ப்புப் பார்க்கிறவன். காகிதத்தில் இருக்கிற பிழை ஓடி ஒளியாது, நம் கண் அதைத் தாண்டிப் போகும், அவ்வளவுதான். அச்சாகி வந்த பிறகு முதல் பக்கத்திலேயே ஒற்று இல்லாமல் பல்லைக் காட்டும், ஆனால் அது எப்போதும் அங்கேயேதான் இருந்தது. இங்கே அப்படி இல்லை என்பது பிடிபடவே எனக்குச் சில நாளாயிற்று. பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் கோடு போட்டு, தேதி, போன நேரம், வந்த நேரம், அப்போது வீட்டில் நடந்தது என்று நான்கு பத்தி. நான்காவது பத்தியில்தான் வினை. மோட்டார் ஓடியது. மிக்ஸி ஓடியது. காற்று. எதிர்வீட்டு முருங்கையில் அணில். வெயில் சுள்ளென்று. தூறல். இரண்டு வாரத்தில் தண்ணீர் மோட்டார்தான் காரணம் என்று ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டேன், மோட்டார் போடும் நேரத்தை மாற்றச் சொல்லி வீட்டில் சண்டையும் போட்டேன். மோட்டார் ஓடாமல் நெட் போன நேரங்களும் அதே நோட்டில், என் கையெழுத்தில்தான் இருந்தன. கண் அவற்றைத் தாண்டிப் போயிருக்கிறது. மோட்டார் ஓடியும் நெட் போகாத நேரங்களை நான் எழுதவே இல்லை. அதற்கு நோட்டில் பத்தியே போடவில்லை.

மகள் ஒரு வழி சொன்னாள். கணினியில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து 'பிங்' என்று அடித்து ஓர் எண்ணைக் கொடுத்தால், நொடிக்கொரு முறை அந்த முகவரிக்கு "இருக்கியா?" என்று ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கும். "இருக்கேன்" என்று பதில் வர எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்று வரிவரியாக எழுதும். இரண்டு ஜன்னல் திறந்தோம். ஒன்று நம் வீட்டு மோடத்துக்கு, 192.168.1.1. இன்னொன்று 8.8.8.8, கூகுள் 2009இல் பொதுவில் திறந்து வைத்த முகவரி. லைன் போகும்போது முதல் ஜன்னலில் பதில் வந்துகொண்டிருந்து இரண்டாவதில் நின்றால், கோளாறு மோடத்துக்கு அந்தப் பக்கம். இரண்டிலும் நின்றால் வீட்டுக்குள், வைஃபையில். இவ்வளவு எளிய ஒன்றை மூன்று மாதமாகச் செய்யாமல் அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிரவு இரண்டு ஜன்னலும் அருகருகே ஓடுவதைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 2:10க்கு வலது பக்கம் நின்றது, இடது பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. கோளாறு வெளியே. மோட்டாருக்கும் மிக்ஸிக்கும் விடுதலை. பிங் எழுதியவர் மைக் மூஸ், அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தவர். 1983 டிசம்பரில் அங்கே வலையமைப்பு ஏதோ ஏறுமாறாக நடந்துகொள்ள, அதைக் கண்டுபிடிப்பதற்காக ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலின் ஒலிக்கருவி எழுப்புகிற சத்தத்தைத்தான் பெயராக வைத்தார். எனக்குப் பிடித்தது அடுத்து நடந்தது. விடிவதற்குள் நிரல் தயார். ஆனால் முதல் பிங்கை அனுப்புவதற்குள், கூட வேலை பார்த்தவர் பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார். எந்தக் கோளாறுக்காக அது பிறந்ததோ அந்தக் கோளாறை அது பார்க்கவே இல்லை. மூஸுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு இருந்திருக்கும்.

வெளியே என்றால் எங்கே? எங்கள் வீட்டு வாசலிலிருந்து நெட் கம்பெனி ஆபீஸ் வரைக்கும் கண்ணாடி இழை. அந்தக் கண்ணாடியை நான் ஒரே ஒரு தடவைதான் கண்ணால் பார்த்தேன், அந்தப் புதன்கிழமை. தம்பி ஸ்கூட்டர் சீட்டின் மேல் துண்டை விரித்து, டிபன் கேரியர் அளவில் ஒரு பெட்டியைத் திறந்து வைத்தார். கருப்பு வயரின் தோலை உரித்து, உள்ளே இருந்த வெள்ளைப் பூச்சையும் வழித்தெடுத்தபோது, கையில் ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தால் ஒரு மினுக்கம். முடி அளவுதான், 125 மைக்ரான். அதிலும் வெளிச்சம் ஓடுவது நடுவில் 9 மைக்ரான் அகலத்தில் மட்டும். ஸ்பிரிட் நனைத்த தாளால் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரே இழுப்பாகத் துடைத்தார், கீச் என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் வந்தால்தான் சுத்தம் என்றார். சின்ன வெட்டுக் கருவியில் வைத்து டக்கென்று மூடினார். வெட்டி விழுந்த துணுக்கு எங்கே போயிற்று என்று நான் குனிந்து தேட, "தொட்ராதீங்க, கையில ஏறுனா எடுக்க முடியாது" என்று செல்லோடேப்பின் பசைப் பக்கத்தால் அதை ஒற்றி எடுத்து, டேப்பை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நுனிகளையும் பெட்டிக்குள் எதிரெதிரே வைத்ததும் சின்னத் திரையில் அவை இரண்டு தூண்களைப்போலப் பெரிதாகத் தெரிந்தன. தாமாகவே மெல்ல நகர்ந்து, மேலே கீழே சரிபார்த்துக்கொண்டு, நெருங்கி நின்றன. ஒரு பொறி. அடுத்த கணம் திரையில் ஒரே தூண். மூட்டு இருந்த இடம் தெரியவில்லை. கல்யாணத்துக்கும் இதுபோல ஒரு பெட்டி இருந்தால் தேவலை என்று தோன்றியது, சொல்லவில்லை.

பவர் என்று அவர்கள் சொல்வது வந்து சேருகிற வெளிச்சத்தின் அளவை. தொடங்குவதற்கு முன்னால் மீட்டரில் மைனஸ் 26.8 என்று காட்டியது. எல்லாம் முடித்த பிறகு மைனஸ் 21.3. நடுவில் அளக்கவில்லை. இந்தக் கணக்கில் மூன்று எண் இறங்கினால் வெளிச்சம் பாதி. மைனஸ் 27 என்றால் ஒரு மில்லிவாட்டில் ஐந்நூறில் ஒரு பங்கு. ஏறக்குறைய அங்கேதான் மோடத்தின் கண்ணுக்கும் எல்லை, அதற்கும் ஓர் எண் கீழே போனால் குருடு. ஆபீஸிலிருந்து கிளம்புகிற வெளிச்சத்தை வழியில் பெட்டிகளில் எட்டாக, முப்பத்திரண்டாகப் பங்கு போடுகிறார்கள், அது போக மிச்சம்தான் வீட்டுக்கு. ஆக இத்தனை மாதமும் எங்கள் வீடு விளிம்பில் நின்றுகொண்டிருந்திருக்கிறது. சிவப்பு விளக்கு அடிக்காத நேரமெல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். வேலைசெய்த நேரமும் சேர்ந்துதான் கோளாறு என்று இப்போது தோன்றுகிறது. கண்ணாடி இழையைப் பற்றி முதலில் பெரிய நம்பிக்கை யாருக்கும் இல்லை. ஒரு கிலோமீட்டர் போவதற்குள் வெளிச்சம் செத்துப்போகும் என்றுதான் நினைத்தார்கள். 1966இல் சார்லஸ் காவ் சொன்னது, கண்ணாடியைக் குற்றம் சொல்லாதீர்கள், அதில் கலந்திருக்கிற அழுக்கைப் பாருங்கள் என்பதுதான். அழுக்கு நீக்கிய கண்ணாடி நான்கே வருடத்தில் வந்துவிட்டது. 2009இல் அவருக்கு நோபல் கொடுத்தார்கள். எது குற்றவாளி இல்லை என்று சொல்வதற்கும் ஒரு பரிசு இருக்கிறது என்று இதை நான் படித்துக்கொள்கிறேன்.

வேல்ஸில் அபர்ஹோசன் என்று ஒரு சிற்றூர். 2020இல் செய்தியில் அடிபட்டது. ஒன்றரை வருடமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுக்க இணையம் படுத்துவிடும். வயரையெல்லாம் மாற்றிப் பார்த்தார்கள், பலனில்லை. கடைசியில் பொறியாளர்கள் மின்காந்த இரைச்சலை அளக்கிற கருவியைத் தூக்கிக்கொண்டு விடியற்காலை ஆறு மணிக்குக் கொட்டுகிற மழையில் தெருத்தெருவாக நடந்தார்கள். ஏழு மணிக்குக் கருவி துள்ளியது. ஒரு வீட்டில் பழைய தொலைக்காட்சிப் பெட்டியைப் போட்டிருக்கிறார்கள். தினமும் ஏழு மணிக்குப் போடுவது வழக்கம். அந்தப் பெட்டி கிளப்பிய இரைச்சல் ஊரையே கவிழ்த்திருக்கிறது. வீட்டுக்காரர் கூனிக்குறுகிப்போய், இனிமேல் அதைப் போடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியின் கதை இன்னும் நீளம். 1998 தொடங்கி அதில் விளங்காத சில துடிப்புகள் பதிவாயின. வானத்திலிருந்து வருவதுபோலவே இருக்கும், ஆனால் வராது. எழுத்தாளர் போர்ஹெஸின் கற்பனை விலங்கு ஒன்றின் பெயரை அவற்றுக்கு வைத்தார்கள், மானின் உடலும் பறவையின் சிறகும் மனிதனின் நிழலும் கொண்ட விலங்கு. 2015இல்தான் தெரிந்தது, அது அங்கிருந்த மைக்ரோவேவ் அடுப்பு. அடுப்பை வெறுமனே ஓடவிட்டுச் சோதித்தபோது ஒன்றும் வரவில்லை. ஓடி முடிவதற்கு முன்னால் பொறுமையில்லாமல் யாராவது கதவைத் திறந்தால்தான் வரும். பசியோடு வந்த ஒரு வானியலாளரின் அவசரம் பதினேழு வருடம் விண்வெளி மர்மமாக இருந்திருக்கிறது. இந்த இரண்டு கதையையும் நான் சிரித்துக்கொண்டு படிக்கவில்லை. பொறாமையோடு படித்தேன். பெட்டியைப் போட்டால் வருகிறது, அணைத்தால் நிற்கிறது. கதவைத் திறந்தால் வருகிறது. அவர்களுக்குக் கிடைத்தது தீர்வு மட்டுமில்லை, கோளாறை வேண்டும்போது திரும்பக் கூப்பிடுகிற வழியும் கிடைத்தது. எனக்குத் தீர்வு மட்டும் கிடைத்தது.

தம்பியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு நாளைக்கு அவர் போக வேண்டிய வீடுகள் எத்தனையோ. ஒவ்வொன்றாக மாற்றி, ஒரு வாரம் காத்திருந்து, திரும்ப வந்து அடுத்ததை மாற்றி என்று இருந்தால் அவருடைய பெட்ரோலுக்கே கட்டாது. மூன்றையும் மாற்றுவது அவருக்கு லாபம், எனக்கும் லாபம். காரணம் தெரிந்துகொள்வது என்பது நேரம் உள்ளவர்களின் ஆடம்பரம் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் கண்டால் ஆச்சியும் இதைத்தான் செய்தாள். காலையில் டாக்டரிடம் ஊசி, மத்தியானம் மிளகு ரசம், சாயங்காலம் பள்ளிவாசல் வாசலில் ஓதி ஊதிக்கொண்டு வந்து, ராத்திரி அம்மன் கோயில் திருநீறு. மூன்றாம் நாள் நான் எழுந்து விளையாடப் போய்விடுவேன். டாக்டர் கைராசிக்காரர் என்பாள், ரசத்தைப்போல மருந்து உண்டா என்பாள், பள்ளிவாசலுக்குச் சர்க்கரை, அம்மனுக்கு மாவிளக்கு. யாருடைய பங்கையும் அவள் குறைத்ததில்லை. விட்டுவிட்டிருந்தால் காய்ச்சல் தானாகவே மூன்றாம் நாள் இறங்கியிருக்கும் என்பது மட்டும் அவள் கணக்கில் கிடையாது. ஆச்சியின் தாராளம் எனக்கு வாய்க்கவில்லை. நால்வரில் ஒருவர்தான் காப்பாற்றினார், மற்ற மூவரும் கூட்டத்தில் நின்றார்கள் என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறது புத்தி.

ஒருவர்தான் என்பதே தப்பாக இருக்கலாம். 1986 அக்டோபரில் அமெரிக்காவில் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, 400 கெஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு திடீரென்று 40 பிட்டுக்கு விழுந்தது. அந்த ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சன் துருவிப் பார்த்தார். உடைந்த சாமான் எதுவும் இல்லை. பதில் வரவில்லையே என்று ஒவ்வொரு கணினியும் அனுப்பியதையே திரும்ப அனுப்பியிருக்கிறது, அதனால் நெரிசல், நெரிசலால் இன்னும் தாமதம், தாமதத்தால் இன்னும் திரும்ப அனுப்பல். எல்லோரும் ஒழுங்காக நடந்துகொண்டதன் மொத்தம்தான் அந்தக் கோளாறு. எங்கள் வீட்டுக் கதையும் ஒருவேளை அந்த ஜாதியாக இருக்கலாம். ஜாயிண்ட் கொஞ்சம் சுமார், வயர் கொஞ்சம் சுமார், அடாப்டர் கொஞ்சம் சுமார். தனித்தனியே எதுவும் கவிழ்க்காது, மைனஸ் 26.8இல் நிற்கும்போது எல்லாம் கவிழ்க்கும். அப்படியானால் எது என்று நான் கேட்பது, வண்டியில் கடைசியாக ஏற்றிய மூட்டை எது என்று கேட்பதுபோலத்தான். இந்தச் சமாதானம் இரண்டு நாள் தாங்கியது.

மூன்றாம் நாள், அதாவது நெட் போகாமல் நின்ற 28ஆம் நாள், அம்மா கேட்டாள்: "அந்தப் பீரோவ ஏன் இப்படித் துருத்திக்கிட்டு நிக்க வச்சிருக்க? நடக்கையில தோள்ல இடிக்கி." திரும்பிப் பார்த்தேன். மோடம் இருப்பது இரும்புப் பீரோவை ஒட்டிய சுவரில். மஞ்சள் வயர் தேவைக்கு மேல் நீளம், மிச்சத்தைச் சுருட்டிப் பீரோவுக்குப் பின்னால் திணித்திருந்தோம். வயரை மாற்ற அன்றைக்கு நானும் தம்பியும் சேர்ந்துதான் பீரோவை முன்னால் இழுத்தோம். திரும்பத் தள்ளவில்லை. மொசைக் தரையில் கால்கள் முன்பு நின்ற இடத்தில் துருக்கறை நான்கு வட்டமாக அப்படியே இருந்தது, கால்கள் ஒரு சாண் தள்ளி நின்றன. அன்றைக்கு மூன்று மாற்றம் நடக்கவில்லை, நான்கு. நான்காவதில் என் கையும் இருக்கிறது, நான் எண்ணவில்லை. கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் சுவரில் மோதி மோதித் திரும்பித்தான் ஓடுகிறது. பிளஸ் டூவில் முழு அக எதிரொளிப்பு என்று படித்தது. இழையை அதிகம் மடக்கினால், மடங்கின இடத்தில் கோணம் தவறி வெளிச்சம் வெளியே கசிந்துவிடும். சாதாரண இழையை மூன்று சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்கக்கூடாது என்பார்கள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் எத்தனை சென்டிமீட்டர் இருந்திருக்கும்? கதவைப் படாரென்று சாத்தும்போதெல்லாம் பீரோ ஒரு நூல் பின்னால் போய் முன்னால் வந்திருக்கும். நோட்டை எடுத்துப் பார்த்தேன். காலை 8:40, 8:35, 8:50. மகள் துணி எடுக்கிற நேரம். மாலை ஆறரை, ஏழு. மனைவி வேலையிலிருந்து வந்து புடவை மாற்றுகிற நேரம். கச்சிதமாகப் பொருந்தியது. மோட்டாரும் இப்படித்தான் கச்சிதமாகப் பொருந்தியது என்பது ஞாபகம் வந்து நோட்டை மூடினேன். ராத்திரி 2:10க்கு யார் பீரோவைத் திறந்தது?

சோதித்துப் பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது என்று கணக்கெடுத்தேன். வெட்டிய நுனி கம்பத்தடியில் விழுந்து எப்போதோ குப்பையோடு போயிருக்கும். அடாப்டரைத் தம்பி கொண்டுபோய்விட்டார், இந்நேரம் வேறொரு வீட்டில் அது யாரையோ நோட்டுப் போட வைத்துக்கொண்டிருக்கலாம். பழைய மஞ்சள் வயர் மட்டும் என் மேசை இழுப்பறையில் இருந்தது. அவர் எறியப் போனபோது வாங்கி வைத்துக்கொண்டேன், எதற்கென்று அப்போது தெரியாது. 31ஆம் நாள் ராத்திரி, எல்லோரும் தூங்கின பிறகு, புது வயரைக் கழற்றிப் பழையதை மாட்டினேன். பச்சை நிறச் செருகியைச் செருகும்போது ஒரு சின்ன 'கிளிக்'. உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "என்ன பண்ணுதீய?" ஒண்ணுமில்ல என்றேன். சிவப்பு அடித்து அணைந்தது, பச்சை நிலைத்தது. மோடத்தின் பக்கத்தைக் கணினியில் திறந்து பவரைப் பார்த்தேன், மைனஸ் 21.5. புது வயருக்கும் இதற்கும் பேச ஒரு வித்தியாசமும் இல்லை. ஒன்பது நாள் அப்படியே விட்டேன். போகவில்லை. நானே பிடுங்கி மாட்டிய அந்த ஒன்றரை நிமிடத்தை நோட்டில் எழுதுவதா என்று யோசித்து, எழுதாமல் விட்டேன்.

41ஆம் நாளிலிருந்து பீரோவைத் தள்ளுகிறேன். பழைய வயரைப் பழையபடியே சுருட்டிப் பின்னால் விட்டிருக்கிறேன், அல்லது பழையபடி என்று நான் நினைக்கிறபடி. ஒரேயடியாகத் தள்ளினால் ஒன்றும் தெரியாமல் போகும், அந்தத் தப்பை ஒருமுறை செய்தாயிற்று. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு நாளுக்கு ஒரு விரல்கடை. இரும்புக் கால் மொசைக்கில் கீச்சென்று இழையாமல் இருக்க அடியில் பழைய வேட்டித் துணி வைத்திருக்கிறேன். தள்ளிவிட்டு வந்து கறுப்பு ஜன்னலைப் பார்த்தபடி கொஞ்சநேரம் உட்காருவேன், 8.8.8.8 பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அம்மா மட்டும் நேற்று, இப்போது தோளில் இடிக்கவில்லை என்றாள். சாணுக்குப் பன்னிரண்டு விரல் என்பது பழைய கணக்கு. ஏழு ஆயிற்று, ஐந்து மிச்சம்.